மன்றத்தின் ஆண்டறிக்கை: சுவரில் தாளம் போட்ட ஆண்டு

தலைவர், செயலவையினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோயில் வளாகத்தில் கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டுப்பணி, பூப்பந்துப் போட்டி, மாணவர்களுக்கான வகுப்பு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். அதனால் தீபாவளி ஒன்றுகூடலில் பழைய ரப்பர் ஸ்டோர் சுவரில் நடத்திய ஒளிக்காட்சியைப் பற்றியே இங்கு அதிகம் சொல்கிறேன்.

மலேசியாவின் பேராக்கில் உள்ள நம் சுங்கை சிப்புட்டில் இப்படி ஒரு காட்சி என்றதும் பலர் பூ, மயில், வாணவேடிக்கைப் படங்களை எதிர்பார்த்தார்கள். நம் இளையோர் முதலில் சுவரை அளந்தார்கள். தூண்களுக்கு இடையே எட்டு ஜன்னல்கள், ஒரே இடைவெளியில். ஆதி தாளத்தின் ஒரு சுற்றுக்கும் எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கைதான். நான்கு, இரண்டு, இரண்டு என்று ஜன்னல்களைப் பிரித்து, ஓர் அட்சரத்துக்கு ஒரு ஜன்னலாக ஒளி நகர்ந்தது. சுற்றின் முதல் அட்சரமான சமத்தில் மட்டும் சுவர் முழுதும் ஒளிர்ந்தது. இரண்டாவது சுற்றிலேயே சிறுவர்கள் கைதட்டித் தாளம் போட்டார்கள். காட்சியின் உயிரே ஓர் ஒளிக்கும் அடுத்த ஒளிக்கும் நடுவே வரும் ஓய்வுகள்தான் என்பது என் உறுதியான எண்ணம். எல்லாம் ஓயாமல் அசைந்தால் கண்ணுக்குப் பிடிமானம் இருக்காது.

நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு அரை விநாடி. விநாடிக்கு 30 பிரேம் (தனிப் படங்கள்) ஓடும் வீடியோவில் அது 15 பிரேம். உறுமி வேகமெடுத்தபோதும் ஒவ்வொரு அடிக்கும் ஒளியைச் சிமிட்டவில்லை. விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிட்டால் வலிப்பு நோய் உள்ள சிலருக்கு ஆபத்து. அப்புறம், ஒலி 17 மீட்டர் கடக்கச் சுமார் 0.05 விநாடி ஆகும். ஸ்பீக்கர்கள் சுவரோரம் இருந்ததால், நடு வரிசைக்குப் பொருந்தும்படி படத்தை ஒன்றிரண்டு பிரேம் தாமதித்து வைத்தார்கள்.

புரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. சுவர் தானே இருண்டிருந்தால்தான் இரு ஒளிகளுக்கு இடையே ஓய்வு தெரியும். காட்சி முடியும்வரை விளக்குகளை அணைத்து வைத்த எதிர்க்கடைக்காரர்களுக்கு மன்றத்தின் நன்றி.

பொங்கலுக்கு மறுபடியும் நடத்த வேண்டும் என்று கலைப்பிரிவு கேட்கிறது. இரண்டு புரொஜெக்டர்களின் வாடகைக்கு இன்றே ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மிருதங்கம், உறுமி வாசிப்பவர்களும் இந்தக் குழுவில் சேர வேண்டும். கணினி தெரிந்தவர்கள் நம்மிடம் போதுமான அளவு இருக்கிறார்கள்.

பணிவுடன்,
செயலாளர்