மூன்று இரவும் ஆர்புவாவிலேயே தங்கு, மச்சான்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. தடியில்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்ற வரியை மனிசியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். இங்கே நாங்கள் சுகம். மகள் வேலை மாறி லியோனுக்குப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. சனிக்கிழமைகளில் இருவருக்கு மட்டும் சமைக்க இன்னும் கை பழகவில்லை.

செப்டெம்பரில் தங்கச்சியோடு வருகிறாய், வைன் விளைகிற நாட்டுப்புறத்தில் மூன்று நாள் இருக்க வேண்டும், போர்தோவா பர்கண்டியா என்று கேட்டிருந்தாய். இரண்டும் நல்ல இடங்கள்தான். ஆனால் நான் உன்னை ஜூராவுக்கு அனுப்பப்போகிறேன். சுவிஸ் எல்லைப் பக்கத்து மலையடிவாரம். அங்கே ஆர்புவா என்று ஒரு சின்ன ஊர்.

காரணம் இருக்கிறது. நான் பாரிஸ் வந்து கோப்பை கழுவிய காலம் உனக்குத் தெரியும். மூன்று வருசத்துக்குப் பிறகுதான் அடுப்புப் பக்கம் விட்டார்கள். அங்கே வாரத்தில் இரண்டு நாள் ஒரு கோழி செய்வோம். மஞ்சள் வைனும் கிறீமும் மொறீய் என்ற காளானும் சேர்த்த குழம்பு. முதல் நாள் சூடான சட்டியில் அந்த வைனை ஊற்றினேன். எழும்பி வந்த ஆவியில் எங்கள் வீட்டுச் சொதி மணந்தது. வெந்தய வாசம், மச்சான். யாரோ சரக்குப் பெட்டியைத் திறந்துவிட்டார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். வைன்தான் என்றார் செஃப். வெந்தயத்தின் வாசத்துக்குக் காரணமான சொட்டலோன் என்ற பொருள் அந்த வைனிலும் உண்டாகிறது என்று பிறகுதான் அறிந்தேன். பதினைந்து வருசம் அந்தக் குழம்பை வைத்தேன், அது வந்த ஊரைப் பார்க்காமலே. பார்த்த பிறகு ஐந்து தரம் போய்விட்டேன்.

அதன் பெயர் வான் ஜோன், மஞ்சள் வைன். சவன்யான் என்ற வெள்ளைத் திராட்சையில் மட்டும் செய்வது. மற்ற ஊர்களில் பீப்பாய் குறையக் குறைய நிரப்புவார்கள். இங்கே நிரப்புவதில்லை. குறைந்த இடத்தில் மதுவம் (ஈஸ்ற்) மெல்லிய ஆடையாகப் படரும், பால் ஆறும்போது ஏடு கட்டுமே, அப்படி. அந்த ஆடைக்குக் கீழே குறைந்தது 60 மாதம். விற்பனைக்கு வர ஆறு வருசத்துக்கு மேலாகிவிடும். ஒரு லீற்றர் போட்டால் கடைசியில் 62 சென்ரிலீற்றர்தான் மிஞ்சும் என்பது அவர்கள் கணக்கு. அதனால்தான் கிளாவலான் என்ற அந்தக் கட்டைப் போத்தலும் 62. 1774 ஆம் ஆண்டுப் போத்தல் ஒன்று 2018 இல் ஏலத்தில் 1,03,700 யூரோவுக்குப் போனது. நீ வாங்கப்போவது 40 யூரோ அளவில் கிடைக்கும். திறந்து வைத்தாலும் வாரக்கணக்கில் கெடாது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு குடித்துவிடாதே, குளிரில் வாசம் எழும்பாது. ஒரு துண்டு கோந்தே சீஸ், இரண்டு வால்நட், சின்ன வாய் வைன். விழுங்கிய பிறகு கொஞ்ச நேரம் கதைக்காமல் இரு. வாசம் திரும்பி வரும்.

குடிக்கும் ஒழுங்கும் அங்கே வேறு. சிவப்பை முதலில் தருவார்கள், வெள்ளையைப் பிறகு. அவர்களின் புல்சார் என்ற சிவப்பு ரோசாப்பூச் சாயம்போல வெளிறி இருக்கும். அதைப் பார்த்துக் குறைவாக மதிக்காதே. மூன்று கிலோமீற்றர் தள்ளி மேட்டில் இருக்கும் பூப்பிலான் கிராமம் அந்தத் திராட்சைக்குத்தான் பெயர்போனது. செப்டெம்பரில் அறுவடை நடக்கும், வைன்காரர் எல்லாம் தோட்டத்தில் நிற்பார்கள். முன்கூட்டிக் கேட்காமல் போய்க் கதவைத் தட்டாதே. நேரம் கிடைக்காவிட்டால் ஊருக்குள்ளேயே 1906 முதல் இருக்கும் கூட்டுறவுக் கடையில் எல்லா வகையும் சுவைக்கலாம். சுவைத்துவிட்டுத் துப்புவதற்கு வாளி வைத்திருப்பார்கள், வெட்கப்படாமல் துப்பு. எழும்பும்போது ஒரு போத்தலாவது வாங்கு, அது மரியாதை.

இனி தங்குவது. பெரிய ஹோட்டல் தேடாதே. ஷாம்ப்ர் தோத் என்று வீட்டுக்காரரே சில அறைகளை வாடகைக்கு விடுவார்கள். ஐந்து அறைக்கு மேல் வைக்கச் சட்டம் விடாது, காலைச் சாப்பாடு வாடகைக்குள்ளே அடங்கும். ஜித் என்பது முழு வீடு. சமைக்கலாம், ஆனால் கோடையில் பெரும்பாலும் கிழமைக் கணக்கில்தான் கொடுப்பார்கள். உங்களுக்கு முதலாவதுதான் சரி. இராச்சாப்பாடும் தருகிற வீடு என்றால் விடாதே. எல்லோரும் ஒரே மேசையில் இருந்து, வீட்டுக்காரர் சமைத்ததைச் சாப்பிடுவது. என் மனிசி ஆறு பேர் முன்னால் பிரெஞ்சு கதைக்கக் கூச்சப்படாமல் இருந்தது அப்படி ஒரு மேசையில்தான். முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். இடம் மட்டும் ஆர்புவாவுக்குள், கடைகளுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கட்டும். குடித்துவிட்டுக் கார் ஓட்டும் எண்ணமே வேண்டாம். இங்கே எல்லை லீற்றர் இரத்தத்துக்கு 0.5 கிராம், உங்கள் லண்டனைவிடக் கடுமை.

சாப்பாட்டில் நேரம்தான் முக்கியம். மத்தியானம் 12 இலிருந்து ஒன்றரைக்குள் மேசையில் இரு. முதல் தரம் நாங்கள் இரண்டேகாலுக்கு ஒரு கடை வாசலில் நின்றோம், அடுப்பு அணைத்தாயிற்று என்று அனுப்பிவிட்டார்கள். அடுப்பில் நின்றவன் நான், அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வெதுப்பகத்தில் பாண் வாங்கி, குயிசான்ஸ் ஆற்றுப் பாலத்தில் இருந்து சீஸோடு சாப்பிட்டோம். ஞாயிறு இரவும் திங்களும் பல கடைகள் பூட்டு, அதையும் கணக்கில் எடு. அந்தக் கோழியை ஒருநாள் கட்டாயம் சாப்பிடு. பிரெஸ் என்ற பக்கத்துப் பகுதிக் கோழி என்று எழுதியிருந்தால் விலையைப் பார்க்காதே. குழம்பைப் பாணால் வழித்துச் சாப்பிடு, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இன்னொரு நாள் மோர்த்தோ என்ற புகைபோட்ட பன்றி இறைச்சிச் சொசேஜ், உருளைக்கிழங்கோடு.

தங்கச்சி வெள்ளிக்கிழமை சைவம் என்பது எனக்கு மறக்கவில்லை. இதை வடிவாகச் சொல்லிவை: கோந்தே சீஸில் பாலை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள். பலருக்கு இது தெரியாது. தெரிந்த பிறகு சாப்பிடுவதும் விடுவதும் அவளின் விருப்பம். மரக்கறி என்று மட்டும் சொன்னால் சீஸ் போட்டுத்தான் தருவார்கள், அதனால் வீட்டுக்காரரிடம் விளக்கமாகச் சொல்லுங்கள். அன்றைக்குக் கிறீமில் வேகவைத்த காளானைச் சுட்ட பாணில் ஊற்றித் தருகிற கடை தேடு. இறைச்சிச் சாறு சேர்ப்பார்களா என்று முதலே கேட்டுவிடு. வைன் வேண்டாம் என்றால் திராட்சைச் சாறு கேட்கலாம்.

பகலில் பத்துக் கிலோமீற்றர் தள்ளிப் போலினிக்குப் போய்க் கோந்தே எப்படிச் செய்கிறார்கள் என்று பார். ஒரு சில்லு 40 கிலோ அளவு, அதற்கு 400 லீற்றர் பால். மற்றொரு நாள் குன்றின் விளிம்பில் இருக்கும் ஷாத்தோ-ஷலோன் கிராமம், அங்கிருந்து போம்-லே-மெசியே பள்ளத்தாக்கு. அங்கே ஓர் அருவி உண்டு. உன் முழங்காலுக்கு அந்த அருவிப் பாதை ஏற்றம் அதிகமில்லை, ஆனால் மழை பெய்திருந்தால் வழுக்கும். ஆர்புவாவிலேயே கிருமிகளை ஆராய்ந்த விஞ்ஞானி லூயி பாஸ்தரின் வீடு இருக்கிறது. அவர் வளர்ந்த ஊர் இது, வைன் கெடுவது ஏன் என்ற ஆராய்ச்சியின் ஒரு பகுதியையும் இங்கேதான் செய்தார். உள்ளே அவருடைய ஆய்வுக்கூடத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். ஆறுதலாகப் பார்.

முடிந்தால் செப்டெம்பர் முதல் ஞாயிறுக்கு நில். பியூ என்று ஒரு விழா. பல தோட்டத்துக் குலைகளை ஒன்றாகக் கட்டி ஓர் ஆள் உயரக் குலையாக்கி, நாலு பேர் தோளில் சுமந்து செயின்ற் ஜூஸ்ற் தேவாலயத்துக்குக் கொண்டுபோய்த் தொங்கவிடுவார்கள். போன வருசம் நான் வீதியோரம் நின்று பார்த்தேன். முன்னால் சுமந்தவரின் கழுத்து வேர்வையில் பளபளத்தது. ஊரில் முதல் நெல்லைக் கோயிலுக்குக் கொடுக்கிற நினைவு வந்து கண் கலங்கிவிட்டது.

பாரிஸிலிருந்து டிஜோனுக்கு வேக ரயில், அங்கே கார் வாடகைக்கு எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. ரயிலிலேயே வருவதென்றாலும் ஆர்புவாவில் நிலையம் உண்டு, ஆனால் ஊருக்குள் ஒரு கிலோமீற்றர் நடக்க வேண்டும். முதலில் பாரிஸ் வடக்கு நிலையத்தில் இறங்கி எங்கள் வீட்டில் ஓரிரவு நில். எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பலில் மீன் வாங்கிவைக்கிறேன்.

திகதியைக் கெதியாக எழுது, அறைக்கு நானே கூப்பிட்டுச் சொல்கிறேன். தங்கச்சியிடம் சொல், அந்தத் தேசிக்காய் ஊறுகாயில் ஒரு போத்தல்.

அன்புடன்,
உன் மச்சான்