உனக்காக விடவில்லை

அன்புள்ள கண்ணுவுக்கு,

போன வாரம் பேசும்போது கடைசியில் நீ சொன்னது என்னை விடவே இல்லை. "அம்மா, எனக்காக அவ்வளவு பெரிய வேலையை விட்டவள் நீ. இப்போது நானும் கைநிறையச் சம்பளத்தை உதறிவிட்டுப் போனால் நீ பட்ட கஷ்டமெல்லாம் வீண்தானே?" என்றாய். நான் பதில் சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டேன். இருபத்தேழு வருடமாக இந்த இடத்தில் நான் வாயைத் திறந்ததில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

நான் உனக்காக வேலையை விடவில்லை, கண்ணு. எனக்காகத்தான் விட்டேன்.

அப்போது எனக்கு 41 வயது, உனக்கு ஒன்பது. தணிக்கை வேலை எனக்குக் கொடுமையாக இருந்ததே இல்லை. கணக்கில் எங்கே பொருந்தவில்லை என்று கண்டுபிடிப்பது எனக்குப் பிடிக்கும், நன்றாகவும் வரும். ஒருமுறை ஒரு நூலகத்தின் கணக்கைப் பார்க்கப் போயிருந்தேன். கீழ்த்தளத்தில் ஒரு பெரியவர் பழைய புத்தகம் ஒன்றைப் பிரித்து வைத்திருந்தார். முதுகில் காய்ந்து இறுகியிருந்த பசையை ஈரம் காட்டி இளக்கி, கத்தி முனையால் மெல்லச் சுரண்டி, கிழிந்த மடிப்புகளுக்கு ஜப்பானிய மெல்லிய தாளை ஒட்டி, மறுபடி நூல் கோத்துத் தைத்துக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் நின்றேன். பார்க்க வேண்டிய கோப்பு மேலே அப்படியே கிடந்தது.

அடுத்த மூன்று வருடம், சனிக்கிழமைகளில் அவரிடம் போய்க் கற்றுக்கொண்டேன். தாளுக்கு ஒரு நாரோட்டம் உண்டு, அதற்குக் குறுக்கே மடித்தால் புத்தகம் கடைசிவரை ஒழுங்காகத் திறக்காது என்பதை என் விரல்கள் கற்றுக்கொள்ளவே ஒரு வருடம் ஆனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு மரக்கூழில் செய்த தாள்களில் பல அமிலத்தால் பழுத்துத் தொட்டால் நொறுங்கும். அதைவிட இருநூறு வருடம் மூத்த கந்தல்துணித் தாள் இன்னும் துணிபோலத் துவளும். அவர் முதலில் சொல்லித்தந்தது ஒட்டும் முறையை. இன்று நாம் ஒட்டுவதை நாளைக்கு இன்னொருவர் நோகாமல் பிரிக்க முடிய வேண்டும், அப்படிப்பட்ட பசையைத்தான் தொட வேண்டும் என்றார். எனக்கு வாரத்தில் ஒருநாள் போதவில்லை. முழுதாக வேண்டும் என்று தோன்றியது. காரணம் அவ்வளவுதான்.

பிரிவு உபசாரத்தில் மேலதிகாரி எழுந்து, "குழந்தைக்காக இதையெல்லாம் விட்டுப் போகிறார்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் மறுக்கவில்லை. புத்தகம் தைக்கப் போகிறேன் என்றால் ஆயிரம் கேள்வி வரும், குழந்தைக்காக என்றால் ஒன்றும் வராது. உறவினர்களுக்கும் அதே பதில். அப்படியே அது உன் காதுக்கும் வந்தது. பத்து வயதில் நீ மதிப்பெண் குறைந்துபோய் அழுதுகொண்டே வந்து, "எனக்காக வேலையை விட்டியே, நான் இப்படிப் பண்ணிட்டேனே" என்றது உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. நான் அணைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியது அன்றைக்கு.

ஆகவே எனக்கு நீ எந்தக் கடனும் படவில்லை. இதை இரண்டு முறை படி.

கடன் பட்டவள் நான்தான், உனக்கும் உன் அப்பாவுக்கும். வருமானம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. சின்ன வீட்டுக்கு மாறினோம். உன் நீச்சல் வகுப்பு நின்றது. அப்பா ஏழு வருடம் கூடுதல் வேலை பார்த்தார். இதில் எதையும் நான் முன்கூட்டி உங்களோடு உட்கார்ந்து பேசவில்லை. முடிவெடுத்துவிட்டு அறிவித்தேன். வேலையை விட்டதற்கு நான் ஒருநாளும் வருந்தியதில்லை. அப்படி அறிவித்ததற்கு இன்றுவரை வருந்துகிறேன்.

பால் கோகன் பங்குச் சந்தை வேலையை விட்டு ஓவியம் வரையப் போனதைத் துணிச்சல் என்று சொல்வார்கள். அவர் அதில் இறங்கியது 1883இல், 35 வயதில். அந்த வருட முடிவில் வீட்டில் ஐந்து பிள்ளைகள். அவர் மனைவி மெட் கோபன்ஹேகனில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தும் மொழிபெயர்த்தும் குடும்பத்தை ஓட்டினார். இதே கதையை மெட் பக்கம் நின்று சொல்பவர்கள் குறைவு. ஆல்பர்ட் சுவைட்சர் போனது வேறு விதம். இறையியலிலும் ஆர்கன் இசையிலும் பெயர் பெற்ற பிறகு, 1905இல் முப்பது வயதில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். மருத்துவராக ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியது 1913இல். அதற்குள் மனைவி ஹெலனும் செவிலியர் பயிற்சி முடித்திருந்தார். அந்த எட்டு வருடத்தை எண்ணிப் பார்.

பணத்துக்கு வருகிறேன், என் பழைய தொழில் ஆயிற்றே. வருடச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்துவிட்டால் வேலையை விடலாம் என்று படித்ததாகச் சொன்னாய். அது 1994இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் போட்ட கணக்கிலிருந்து வந்தது. முதல் வருடம் சேமிப்பில் நான்கு சதவீதம், அதாவது இருபத்தைந்தில் ஒரு பங்கு, எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனாலும், அமெரிக்கச் சந்தையின் பழைய வரலாற்றில் முப்பது வருடம் தாங்கியிருக்கும் என்பது அது. ஓய்வு பெற்றவர்களுக்காகப் போட்ட கணக்கு. உனக்கு 36 வயது, முப்பது வருடம் கழித்து 66தான் ஆகும். இன்னொன்று, சந்தை முதல் சில வருடங்களிலேயே விழுந்தால், அதே வீழ்ச்சி இருபது வருடம் கழித்து வருவதைவிடப் பல மடங்கு அடிக்கும். விழுந்த விலையில் விற்றுச் சாப்பிட்டுவிட்டால், திரும்ப ஏறும்போது ஏறுவதற்குக் கையில் ஒன்றும் மிச்சமிருக்காது. நீ ஓய்வு பெறவில்லை, கொஞ்சமாவது சம்பாதிக்கத்தான் போகிறாய். அதனால் உனக்கு 25 மடங்கு வேண்டியதில்லை. இரண்டு வருடச் செலவுக்கான தொகை சந்தைக்கு வெளியே, நினைத்தபோது எடுக்கும்படி இருக்கட்டும். அலுவலகம் கட்டிக்கொண்டிருந்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும், அதைத் தனியாக எடுத்த பிறகு விலகல் கடிதம் கொடு.

காது கேளாத குழந்தைகளுக்குக் கற்பிக்கப் போகிறேன் என்றபோது உன் குரலே மாறியிருந்தது. அந்தக் குரலை நான் கேட்டு வெகு நாளாயிற்று. ஆனால் ஒரு வருடத்தில் சைகை மொழி வந்துவிடும் என்றாயே, அதை நம்பாதே. அது தனக்கென்று இலக்கணம் உள்ள முழு மொழி. ஆங்கிலம் பேசுகிற இரண்டு நாடுகளில்கூட அது ஒன்றல்ல, அமெரிக்காவில் எழுத்துகளை ஒரு கையால் காட்டுவார்கள், பிரிட்டனில் இரண்டு கையால். வேலையில் இருக்கும்போதே ஆரம்பி. அந்தக் குழந்தைகள் நடுவில் வாரம் ஒருநாள் போய் உட்கார். சனிக்கிழமை போதவில்லை என்று உனக்கும் தோன்றுகிறதா பார்.

விட்ட பிறகு முதல் ஆறு மாதம் கடினம், கண்ணு. யாராவது "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால் எனக்கு நாக்கு எழாது. காலையில் யாரும் அழைக்க மாட்டார்கள். நான் ஒருவருக்கும் தேவையில்லை என்று பட்டது. இது தப்பான முடிவின் அடையாளம் என்று அப்போது நினைத்து நடுங்கினேன். பிறகு ஒருநாள், ஒருவர் தன் அப்பாவின் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எப்போது முடியும் என்று கேட்காமலே போனார். அன்றிலிருந்து அந்த நடுக்கம் இல்லை.

மாப்பிள்ளையிடம் இன்னும் பேசவில்லை என்றாய். இந்தக் கடிதத்தை அவரிடமும் காட்டு. வீட்டில் என்னென்ன குறையும் என்பதைப் பெயர் சொல்லியே பேசுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லவும் இடம் வேண்டும். பாப்பாவையும் உட்கார வைத்துக்கொள். ஏழு வயதுக்குப் புரியும். "அம்மாவுக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது, அதனால் போகிறேன், உனக்கு இது இது கிடைக்காது" என்று சொல். கோபப்பட்டால் படட்டும். உனக்காகப் போகிறேன் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.

மாதச் செலவை உள்ளபடி எழுதி அனுப்பு, எதையும் குறைத்துக் காட்டாதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் மேசையைக் காலி பண்ணி வைக்கிறேன், வரிவரியாகப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அம்மா