காவிரிக் கெண்டைக்குப் பெயர் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரியில் மஹ்சீர் என்னும் பெருங்கெண்டையின் விரலிகள், அதாவது விரலளவு குஞ்சுகள், விடப்பட்ட விழாவைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். மேடையில் யார் யார் அமர்ந்திருந்தார்கள், யாருக்கு யார் பொன்னாடை போர்த்தினார்கள் என்பது வரை எழுதிய தங்கள் செய்தியாளர், ஆற்றில் விடப்பட்டது எந்தச் சிற்றினம் என்பதை மட்டும் எழுதவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் கடைசிப் பத்தியில், "மரபணுச் சோதனை என்ற பெயரில் ஒரே மீனை நாலாகப் பிரித்து நாலு பெயர் வைப்பது ஆய்வாளர்களுக்குப் பொழுதுபோக்கு, ஆற்றுக்கு வேண்டியது மீன்தான், பெயரல்ல" என்று தீர்ப்பும் வழங்கியிருக்கிறார். கல்லூரியில் விலங்கியல் நடத்தியே காலத்தைக் கழித்தவன் என்ற முறையில், இதற்குப் பிறகும் வாய்மூடி இருப்பது எனக்கு அழகல்ல.

காவிரியின் கூன்முதுகு மஹ்சீரைத் தாங்கள் அறியாமல் இருக்க முடியாது. 1946-இல் கபினி ஆற்றில் தூண்டிலில் பிடிபட்ட மீன் ஒன்றின் எடை 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ. உலகெங்கும் உள்ள தூண்டில்காரர்கள் அந்த மீனைத் தேடிக் காவிரிக் கரைக்கு வந்தார்கள். இத்தனை பெயர் பெற்ற மீனுக்கு அறிவியல் பெயர் மட்டும் நிலைபெறவே இல்லை. ஒருவர் டார் முசுல்லா என்றார், மற்றொருவர் டார் குத்ரீ என்றார். இந்தக் குழப்பம் தீராத நிலையில், 1970-களிலிருந்து மகாராஷ்டிரத்தின் லோனாவ்லா பொரிப்பகத்து விரலிகள் காவிரிக்குக் கொண்டுவரப்பட்டன. அவை நீலத்துடுப்பு மஹ்சீர். 1839-இல் சைக்ஸ் என்பவர் புனேயை ஒட்டிய ஆறுகளில் கண்டு விவரித்த டார் குத்ரீ. கொண்டுவந்தவர்களின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கிருஷ்ணா வடிநிலத்து மீன் காவிரியில் என்ன செய்யும் என்று அன்று யாரும் கேட்கவில்லை. எல்லாம் மஹ்சீர்தானே!

விளைவு தூண்டில் முகாம் ஒன்றின் பதிவேட்டிலேயே இருக்கிறது. 1998 முதல் 2012 வரை அங்கே பிடித்து மீண்டும் ஆற்றில் விடப்பட்ட 6,000-க்கும் மேற்பட்ட மீன்களின் கணக்கைப் பார்த்தால், நீலத்துடுப்பு மீன்கள் பெருகிக்கொண்டே போக, கூன்முதுகு மீன்கள் ஆண்டுக்கு ஆண்டு அருகி, கடைசியில் கிடைத்த ஒன்றிரண்டும் வயதேறிய பெரிய மீன்களாகவே இருந்தன. குஞ்சு தலையெடுக்கவில்லை என்பதுதான் இதற்குப் பொருள். இதில் கொடுமை என்னவென்றால், அந்நாளில் நீலத்துடுப்பு மீன் அருகிவரும் இனங்களின் பட்டியலில் இருந்தது. ஆகவே அதை வளர்த்து ஆற்றில் விடுவது பாதுகாப்புப் பணி எனப் பாராட்டப்பட்டது. நிலையான அறிவியல் பெயர் இல்லாத கூன்முதுகு மீனுக்கோ எந்தப் பட்டியலிலும் இடமில்லை. ஆற்றுக்குப் பெயர் வேண்டாமாம்!

2018-இல்தான் வழக்குத் தீர்ந்தது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்து ஆய்வாளரும் இடம்பெற்ற குழு, மோயாற்றில் கிடைத்த மீன்களின் உருவ அளவுகளையும் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பின் மரபணு வரிசையையும் ஒப்பிட்டு, அது 2007-இல் கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து விவரிக்கப்பட்ட டார் ரெமாதேவி என்று நிறுவியது. பாம்பாறு கிழக்கே இறங்கி நம் அமராவதியாகிக் காவிரியில் சேரும் ஆறு என்பதைத் தங்கள் செய்தியாளருக்குச் சொல்ல வேண்டியிருக்காது என்று நம்புகிறேன். பெயர் உறுதியான அந்த ஆண்டே அம்மீன், அழிவின் விளிம்பில் உள்ள இனமாக உலகச் செம்பட்டியலில் ஏறியது. அதாவது, தாங்கள் அச்சிட்ட 'பொழுதுபோக்கு' முடிந்த பிறகே அதற்குச் சட்டத்தின் கதவைத் தட்டும் தகுதி கிடைத்தது.

கண்ணால் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். உயிரோடு பார்த்தால் தெரியும். ஒகேனக்கலில் பரிசல் ஓட்டிய ஒருவர், "கூன் போட்டது நம்ம ஆத்து மீனுங்க, நீலத் துடுப்பு வந்து சேந்ததுங்க" என்று என்னிடம் சொன்னதுண்டு. அவரிடம் கேட்க எந்த அலுவலகத்துக்கும் தோன்றவில்லை. நாங்கள் கல்லூரியில் வைத்திருந்ததோ, மீன்களை அழுகாமல் வைக்கும் ஃபார்மலின் பாட்டில்கள். அதில் சில மாதம் கிடந்தால் கூன்முதுகின் ஆரஞ்சுத் துடுப்பும் மற்றதன் நீலத் துடுப்பும் ஒரே வெளிறிய மஞ்சளாகிவிடும்; மரபணுவும் சிதைந்து, வரிசை படிக்கப் பெரும்பாலும் உதவாது. துடுப்பின் ஓரத்தில் நகக்கண் அளவு கத்தரித்து எத்தனாலில் போட்டால் போதும், மீனை ஆற்றிலேயே விட்டுவிடலாம். அதற்குக் கொஞ்சம் எத்தனால் வாங்கித் தரும்படி நான் எழுதிய கடிதத்துக்குக் கல்லூரி அலுவலகம் அளித்த பதில், "சாராயம் எதற்கு?" என்பது. நான் ஓய்வு பெற்ற பின், இடம் போதவில்லை என்று அந்தப் பாட்டில்களையும் கொட்டிவிட்டார்கள்.

தங்கள் செய்தியாளர் ஆய்வாளர்களை மடக்க விரும்பியிருந்தால் அதற்கு நல்ல கேள்வியே இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாக மட்டுமே வருவது. கூன்முதுகுப் பெண் மீனும் நீலத்துடுப்பு ஆண் மீனும் இணைந்து குஞ்சு பொரித்தால், அந்தச் சோதனையில் குஞ்சு தூய கூன்முதுகாகவே தெரியும். கலப்பைக் கண்டுபிடிக்க உட்கருவின் மரபணுக்களையும் பார்த்தாக வேண்டும். பொரிப்பகத்தில் சினை மீன்களைத் தேர்ந்தெடுக்குமுன் இரண்டையும் பார்த்தார்களா என்று விழா மேடையில் ஒரு குரல் கேட்டிருக்கலாம். பொன்னாடைக்கு நடுவே நேரமிருந்திருக்காது.

இது மஹ்சீருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 'மிஸ் கேரளா' என்று வண்ணமீன் கடைகளில் விற்கும் செங்கோட்டு மீனிலும், வெவ்வேறு ஆறுகளில் தனித்தனி மரபுவழிகள் ஒளிந்திருப்பதை மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. 2005 முதல் 2012 வரை ஏற்றுமதியானவை மூன்று லட்சத்துக்கும் மேல். எந்த ஆற்றின் மரபுவழி எவ்வளவு போனது என்று எந்தப் பெட்டியின் மேலும் எழுதியிருக்கவில்லை.

சென்ற ஆண்டு தங்கள் நாளிதழ் கட்லா மீனின் படத்தைப் போட்டு அதன் கீழே 'மஹ்சீர்' என்று அச்சிட்டது. எழுதினேன், திருத்தம் வரவில்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தி ஏரிகளில் பரவுவது பற்றி நான் அனுப்பிய இரண்டு பக்கக் கடிதம் இரண்டு வரியாகச் சுருங்கி, அதிலும் கெளுத்தி விரால் ஆகி வெளிவந்தது. இடநெருக்கடி எனக்குப் புரியாததல்ல; பொன்னாடைப் படங்களுக்கு இடம் வேண்டுமே.

எனவே பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஆற்றில் மீன் விரலிகள் விட்டதாகச் செய்தி வரும்போதெல்லாம், என்ன சிற்றினம், சினை மீன்கள் எந்த ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டவை என்ற இரண்டு கேள்விகளையும் அதிகாரிகளிடம் கேட்டு, பதிலை ஒரு வரியாகச் சேர்க்கத் தங்கள் செய்தியாளர்களைப் பணிக்க வேண்டுகிறேன். அந்தக் கட்லாப் படத்துக்கான திருத்தத்தையும், காலம் கடந்துவிட்டாலும், வெளியிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற விலங்கியல் விரிவுரையாளர்,
சத்தியமங்கலம்.