கல்லாறு வரை நல்லாத்தான் வந்தது

குன்னூர்,
நவம்பர் 18

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, வண்டி. இங்கே விடாத மழை வேறு. மண் சரிந்து மலை ரயிலையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

மேட்டுப்பாளையத்தில் மளிகை வாங்கிக்கொண்டு திரும்பினோம். கல்லாறு வரை நல்லாத்தான் வந்தது. கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததும் மிஸ்ஸிங். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குலுங்குகிறதே தவிர ஏறவில்லை. இன்ஜின் விளக்கு கண்ணைச் சிமிட்டுகிறது. பர்லியாரில் ஓரங்கட்டி, டீ குடித்து, ஆறவிட்டு எடுத்தால், ஒன்றுமே நடக்காதது போல இரண்டு வளைவு ஏறியது. மூன்றாவதில் மறுபடி அதே கதை. உன் தங்கச்சி பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டு, "சத்தம் சுத்தமா இருக்கே சார், பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் தெருவில் ஒரு பையன் வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் வைத்திருக்கிறான். மாட்டினான், மூன்றாவது சிலிண்டர் என்று காட்டியது. கெட்டிக்காரப் பையன், உடனே புதுசு வாங்கச் சொல்லவில்லை. மூன்றாவது பிளக் மேலிருந்த காயிலை (பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறிக்காக பேட்டரி வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் சுருள்) ஒன்றாவதுக்கும், ஒன்றாவதில் இருந்ததை மூன்றாவதுக்கும் மாற்றிப் போட்டான். லாஸ் அருவி வரை இறங்கி ஏறினோம். திரும்பி வந்து பார்த்தால் கோளாறு ஒன்றாவது சிலிண்டருக்குக் குடிபோயிருந்தது! ஆக, குற்றவாளி அந்தக் காயில்தான்.

நீ மின்வாரியத்தில் டிரான்ஸ்ஃபார்மரோடு குடித்தனம் நடத்தியவன். "ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர்தானே, இதிலென்ன இருக்கிறது" என்பாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டால் உதைக்கிறது. உள்ளே இரும்பு மையத்தின் மேல் இரண்டு சுற்று: தடித்த கம்பி சில நூறு, முடி மாதிரிக் கம்பி பல ஆயிரம். விகிதம் ஏறக்குறைய நூறுக்கு ஒன்று. பேட்டரி 12 வோல்ட். பெருக்கினால் 1,200தான் வரும். பிளக்கில் பொறி பறக்க இருபதாயிரத்துக்கு மேல் வேண்டுமே? போதாததற்கு இது டி.சி., ஒரே திசையில் சீராக ஓடும் கரண்ட், டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தொடவே தொடாது.

சின்ன வயதில் உங்கள் வீட்டுக்கு மேட்டு ஊற்றிலிருந்து பைப்பில் தண்ணீர் வருமே, ஞாபகம் இருக்கிறதா? வால்வைப் படக்கென்று மூடினால் பைப் முழுக்க அதிரும். ஒருமுறை ஜாயின்ட்டே பிய்த்துக்கொண்டு உன் அப்பாவிடம் அடி வாங்கினோம். காயிலிலும் அதேதான். சில மில்லி செகண்ட் கரண்ட் ஓடி, இரும்பைச் சுற்றிக் காந்தப்புலம் சேர்கிறது. அதுவரை பொறி இல்லை. கரண்டைச் சட்டென்று வெட்டும்போதுதான் காந்தப்புலம் சரிந்து, தடித்த கம்பியிலேயே 300, 400 வோல்ட் உதைக்கிறது. அதை நூறால் பெருக்கிப் பார். ஐரிஷ் பாதிரியார் நிக்கலஸ் கேலன் 1836ல் இந்த மாதிரி காயிலைச் செய்துவிட்டார், காருக்கு அப்போது பெயர்கூடக் கிடையாது.

முன்பு அந்த வெட்டுகிற வேலையை பாயிண்ட் என்ற சின்ன சுவிட்ச் செய்தது. உன் அப்பாவின் காரில் ஒரே காயில், நாலு சிலிண்டருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் பங்கு போடும். மூடுபனிக் காலையில் அதன் மூடியைக் கழற்றி, பனியனால் துடைத்து, அடுப்பருகே காயவைத்துக் கொண்டுவந்து மாட்டுவாரே! ஈரத்தின் வழியே கரண்ட் ஓடிவிடும் என்பது அப்போது நமக்குத் தெரியாது. இப்போது பிளக்குக்கு ஒரு காயில், வெட்டுவது டிரான்சிஸ்டர். 3,000 ஆர்.பி.எம்மில் ஒவ்வொரு காயிலும் நொடிக்கு 25 தடவை இதைச் செய்கிறது.

சரி, நின்ற இடத்தில் ஏன் நோய் தெரியவில்லை? சும்மா ஓடும்போது சிலிண்டருக்குள் காற்று கொஞ்சம்தான் போகிறது, பொறி சுலபமாகத் தாண்டிவிடும். ஏற்றத்தில் மிதித்தால் உள்ளே காற்றும் பெட்ரோலும் நெருக்கியடித்து நிற்கும். அதைத் தாண்ட வோல்ட் கூடுதலாக வேண்டும். என் காயிலின் ரப்பர் குழாயில் தலைமுடி அளவு விரிசல். பிளக்கில் பாய்வதைவிட விரிசல் வழியாக இன்ஜின் உடம்பில் இறங்குவது கரண்டுக்குச் சுகமாகப் போய்விட்டது. சூடு ஏறினால் இன்னும் மோசம். டீ குடித்த நேரத்தில் ஆறியதால்தான் அந்த இரண்டு வளைவு.

உன் மகன் கார் வாங்கியிருக்கிறான் என்று எழுதியிருந்தாய். இன்ஜின் விளக்கு சிமிட்டினால் ஓட்டாமல் நிறுத்தச் சொல். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பொசுக்கிவிடும். அதன் விலையில் பத்துக் காயில் வாங்கலாம். நான் மலையேறி வந்த பிறகுதான் இது தெரிந்தது. என்னுடையது தப்பித்தது, தேங்காய் உடைத்தாகிவிட்டது.

கழற்றிய காயில் மேஜை மேல் கிடக்கிறது. விரிசல் ஓரத்தில் பென்சிலால் கீறிய மாதிரி ஒரு கருப்புக் கோடு. நீ டிசம்பரில் வருகிறாய் அல்லவா, பூதக்கண்ணாடியோடு வா. மழைக்கோட்டும் எடுத்துக்கொள். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே?

உன் மாப்ளே