கையெழுத்துப் போடும் முன்: விலங்கு நெறிமுறைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பார்மசி கல்லூரிகளில் விலங்குப் பரிசோதனைகளுக்கு அனுமதி தரும் விலங்கு நெறிமுறைக் குழுவில் இருக்கும் ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம்.

எம்.பார்ம் படிக்கும்போது நானும் ஒரு இலையை நிழலில் உலர்த்தி, அரைத்து, சாக்ஸ்லெட் என்ற சாறு இறக்கும் கண்ணாடிக் கருவியில் எத்தனால் ஊற்றி ஏற்றி, தார் மாதிரி வந்த சாற்றைச் சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளுக்குக் கொடுத்தவன்தான். அந்த நோயை வரவழைக்க ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்து போட்ட எலியை உங்களில் எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறீர்கள்? காலையில் மாற்றிய உமி சாயங்காலத்துக்குள் சொதசொதவென்று நனைந்திருக்கும், தண்ணீர் பாட்டில் காலியாகியிருக்கும், எலி முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் கிடக்கும். சாற்றை ஊட்ட அதன் தொண்டைக்குள் தினமும் உருண்டை முனை ஊசியை இறக்க வேண்டும். இரண்டாம் வாரம் ஒருநாள் ஊசி மூச்சுக்குழாய்க்குள் போய், மூக்கில் நுரை தள்ளி, ஒரு எலி என் கையிலேயே செத்தது. ஆய்வேட்டு அட்டவணையில் அந்தக் குழுவுக்கு ஆறு எலி என்றுதான் இருக்கிறது. வேறொன்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்றார்கள்.

எலியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற மருத்துவ ஆய்வாளர் நித்தியகல்யாணி இலைச்சாற்றை எலிக்குக் கொடுத்துப் பார்த்தார். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்குக் குடிக்கிற கஷாயம் என்று வந்த இலை அது. சர்க்கரை இறங்கவில்லை. ஊசியில் ஏற்றிய எலிகளோ ரத்த வெள்ளணு சரிந்து, தொற்று வந்து செத்தன. ஏன் செத்தன என்று அவர் தேடிப் போனதால்தான், வேதியியலாளர் சார்லஸ் பீர் கூடச் சேர்ந்து பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் இன்று புற்றுநோய் மருந்தாக இருக்கிறது. நம் கல்லூரியாக இருந்தால் செத்த எலிகளை விட்டுவிட்டு வேறு இலை பறிக்கப் போயிருப்போம்.

சரி, எலிகளைப் பயன்படுத்த அனுமதி கேட்கும் விண்ணப்பமான ஃபார்ம் பி உங்கள் முன்னால் வரும்போது, எலியின் எடையில் கிலோவுக்கு 200, 400 மில்லிகிராம் என்று எழுதியிருக்கும் சாற்றின் அளவு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கிலோவுக்கு 2000 மில்லிகிராம் கொடுத்தும் எலி சாகவில்லை, அதனால் பத்தில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்பார்கள். எலியின் 400-ஐ மனிதனுக்கு மாற்ற, உடல் பரப்பளவுக் கணக்குப்படி 6.2-ஆல் வகுத்தால், 60 கிலோ ஆளுக்குத் தினம் கிட்டத்தட்ட 3.9 கிராம் சாறு. நூறு கிராம் காய்ந்த இலையில் எட்டு கிராம் சாறு கிடைத்தால்கூட, அது தினமும் ஐம்பது கிராம் இலைப்பொடி. யார் சாப்பிடப் போகிறார்கள்?

அப்புறம் இலை. கீழாநெல்லி என்று வாங்கும் கட்டில் அதன் ஒன்றுவிட்ட தங்கைகளான, அதே போலிருக்கும் வேறு செடிகளும் சேர்ந்து வருவதுண்டு. செடியை அடையாளம் கண்டவர் யார், உலர்த்திய மாதிரி எங்கே வைத்திருக்கிறது, சாற்றில் எந்தப் பொருள் எவ்வளவு, இதெல்லாம் தெரியாமல் எலியைத் தொட விடாதீர்கள். விலங்குப் பரிசோதனைக்கான 1998 விதிகளில் ஆய்வை அனுமதிக்கும் பொறுப்பு உங்களிடம்தானே இருக்கிறது!

மற்றதைக் கேட்க நேரமில்லை என்றால், ஆய்வு முடிந்ததும் வாங்கிய எலி எத்தனை, அட்டவணையில் இருக்கிற எலி எத்தனை என்று மட்டுமாவது கேளுங்கள். என்னிடம் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய எம்.பார்ம் மாணவன்