அப்பாவோட டிபிஎஸ் (மூளைக்குள்ள கம்பி வச்சு கரண்ட் குடுக்கற) ஆபரேஷனுக்கு கூட நின்ன எல்லாருக்கும்

சர்ஜன் சாருக்கு நேர்லயே நன்றி சொல்லியாச்சு, அதனால இந்த மடல் மொதல்ல ஸ்கேன் ரூம்ல இருந்தவங்களுக்குத்தான். இந்த ஆபரேஷன்ல பெரும்பாடு மண்டையில துளை போடறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடுது, அது வெளியில யாருக்கும் தெரியறதில்ல.

அப்பாவுக்கு பார்கின்சன், கை கால் நடுங்கி உடம்பு இறுகிப்போற மூளை நோய். அதுக்கான சின்டோபா மாத்திரை போட்டா கொஞ்ச நேரம் ஓடும், மருந்து வேகம் இறங்கிட்டா நாற்காலியிலேர்ந்து எழுப்பவே ஆள் வேணும், டோஸை ஏத்தினா உடம்பு தானா நெளியும். கரண்ட் குடுக்க வேண்டிய இடம் மூளை ஆழத்துல இருக்கற சப்தலாமிக் நியூக்ளியஸ், ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு, ஒரு மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும். கம்பி கொஞ்சம் வெளிப்பக்கம் தள்ளிட்டாலும் பக்கத்துல போற நரம்புக் கட்டுக்கு கரண்ட் பாஞ்சு வாய் இழுக்கும், பேச்சு குழறும்னு டாக்டர் சொன்னதும் அம்மா ஆபரேஷனே வேணாம்னுட்டாங்க.

முன்னெல்லாம் மூளை நடுவுல ஒரு புள்ளியை குறிச்சுக்கிட்டு அதுலேர்ந்து பக்கவாட்டுல சுமார் 12 மில்லிமீட்டர், கீழ 4, பின்னால 3ன்னு அட்லஸ் (மூளை வரைபட புக்) கணக்குல போவாங்களாம். அது சராசரி கணக்கு, ஆளுக்கு ஆள் மாறும். இப்ப காந்த சக்தி அதிகமான 3 டெஸ்லா எம்ஆர்ஐல, அந்த இடத்துல இரும்பு அதிகமா இருக்கறதால, டி2ங்கற வகை படத்துல கருப்பா தெரியுது, பாத்தே குறி வைக்கலாம். ஆனா நடுங்கற மனுஷனை வச்சு ஆடாத படம் எப்படி எடுக்கறது? மயக்கம் குடுத்து மூச்சை பாத்துக்கிட்டே கூட நின்ன அனஸ்தீசியா டாக்டரம்மாவுக்கு நன்றி. ஒரு செட் லேசா மங்கலா வந்ததும் "இது ஆகாது"ன்னு யாரும் கேக்காமலே திரும்ப எடுத்த எம்ஆர்ஐ டெக்னீஷியன் அக்கா, உங்களுக்கு தனியா ஒரு கும்பிடு. ரத்தக்குழாய் தெளிவா தெரிய மருந்து ஏத்தி எடுத்த கான்ட்ராஸ்ட் படத்துல ரத்தக்குழாய் ஒண்ணொண்ணா பாத்து, எதையும் தொடாம கம்பி இறங்கற வழியை ராத்திரி உக்காந்து போட்ட சின்ன டாக்டர் தம்பிக்கும்.

ஆபரேஷன் அன்னிக்கு தலையில நாலு ஸ்க்ரூ வச்சு ஃப்ரேம் மாட்டி சிடி எடுத்து, அதை பழைய எம்ஆர்ஐ மேல கம்ப்யூட்டர்ல பொருத்தினாங்க. அப்பா முழிச்சுக்கிட்டேதான் இருந்தாரு, முந்தின நாள் ராத்திரியிலேர்ந்து மாத்திரை கிடையாது, பாவம். கம்பி உள்ள போனதும் மூளை செல்லோட மின்துடிப்பு சத்தமா ஸ்பீக்கர்ல வந்து இடம் சரிதான்னு உறுதியாச்சாம். கரண்ட் விட்டதும் வலது கை நடுக்கம் நின்னுடுச்சுன்னு அப்பாவே சொல்றாரு, அந்த நேரம் பூரா அவர் கையை பிடிச்சுக்கிட்டு "மூடுங்க, திறங்க"ன்னு பேசிக்கிட்டே இருந்த சிஸ்டருக்கு அவர் வீட்டுக்கு வந்தும் நன்றி சொல்லிக்கிட்டிருக்காரு.

1987ல பிரான்ஸ்ல கிரனோபிள்ல இந்த வழியை திறந்த டாக்டர் பெனபிட் ஐயாவுக்கும், இந்த சின்ன இடத்தை அடக்கினா உடம்பு இளகும்னு அமெரிக்க ஆராய்ச்சியாளர் டிலாங் குழு 1990ல சோதனை பண்ணி காட்டினதுக்கு காரணமான குரங்குகளுக்கும் (சிரிக்காதீங்க, நெஜமாத்தான்) நன்றி.

நோய் போயிடல, அது எங்களுக்கு தெரியும். மாத்திரை குறைஞ்சிருக்கு, சட்டை பட்டன் அவரே போடறாரு, கம்பிக்கு கரண்ட் குடுக்கற பேட்டரியோட செட்டிங் இன்னும் கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கிட்டு இருக்காங்க. ரத்தம் குடுக்க வந்து காத்திருந்த ஆபீஸ் பசங்க, அம்மாவுக்கு ரெண்டு வேளையும் சாப்பாடு அனுப்பின மாடி வீட்டு அக்கா, முன்பணம் கட்ட கைமாத்து குடுத்த சித்தப்பா, எல்லாருக்கும் நன்றிங்க. சித்தப்பா, பணம் தை மாசத்துக்குள்ள வந்துடும்.