மணல்மேட்டை விட்டுவிடுங்கள்

ஐயா,

செய்யூர் வட்டத்தில் கடலோரக் குப்பம் ஒன்றில் கருவாடு காயவைத்து விற்பவள் நான். எங்கள் ஊருக்குத் தெற்கே சொகுசு விடுதி கட்டுவதற்காக மணல்மேட்டைச் சமப்படுத்தத் தொடங்கியிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சும்மா கிடக்கும் இடம். ஆண்கள் வலை பிரித்துக் கிழிசல் தைப்பது அங்கேதான். நெத்திலி மீனும் காரப்பொடி மீனும் காய்வது அந்த மணலில்தான். 2004 சுனாமியில் அந்த மேடு இருந்த பக்கத்து வீடுகள் தப்பின. தாழ்வாக இருந்த வடக்குப் பக்கம் அழிந்தது. அடப்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் பிடித்துவைத்திருக்கும் மணல் அது. வேரோடு வழித்துவிட்டால் காற்றே அள்ளிப்போய்விடும்.

கடலோரத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று சொல்லும் மத்திய அரசின் 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேடுகளையும் ஆமை முட்டையிடும் இடங்களையும் மிகுந்த பாதுகாப்புக்குரியவையாகச் சொல்கிறது. பங்குனி ஆமைகள் இங்கே ஆண்டுதோறும் கரையேறுகின்றன. விடுதியின் இரவு விளக்கு எரிந்தால் குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கிப் போகும்.

வேலை தருவதாகச் சொல்கிறார்கள். கடலில் எங்களுக்கு வேலை இருக்கிறது, கரைதான் வேண்டும்.

மாவட்ட ஆட்சியர் பணியை உடனே நிறுத்தி, பெண்களையும் அழைத்து ஊரிலேயே கருத்துக் கேட்க வேண்டும். வலை உலர்த்தும் இடம், கருவாட்டுக் களம், படகுத்துறை மூன்றையும் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் குறிக்க வேண்டும்.

— கருவாட்டு வியாபாரி,
செய்யூர் வட்டம், செங்கல்பட்டு மாவட்டம்